ஒரே மாதிரி இரண்டு ஜோடி

ஒரே மாதிரி இரண்டு ஜோடி கேட்டேன், அவ்வளவுதான். அதற்கு இந்த ஆள் என்னவோ அவன் வீட்டில் பாதியை என் பேருக்கு எழுதித் தரச் சொன்ன மாதிரி முழிக்கிறான். "கை வேலை அம்மா, மிஷின் இல்லே, ஒண்ணு போல ஒண்ணு வராது" என்கிறான். தமிழ் பேசுகிறானே என்று சந்தோஷப்பட்டு உள்ளே வந்தது என் தப்பு. கோயமுத்தூரில் ஏதோ நகைப் பட்டறையில் சில வருஷம் இருந்தானாம், டவுன்ஹால் தெரியும் என்கிறான், உக்கடம் தெரியும் என்கிறான், ஆனால் இந்த ஒடிசாவில், கட்டக்கில் கடை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி இரண்டு ஜோடி தோடு எடுத்துக் காட்டத் தெரியவில்லை. கடை என்றால் வீட்டின் முன்னறைதான். ஒரு கண்ணாடிப் பெட்டி, அதன்மேல் மேஜை விளக்கு, சுவரோரம் அவன் உட்கார்ந்து வேலை செய்கிற பலகை. பலகையில் தலைமுடி கனத்துக்கு வெள்ளிக் கம்பி சுருண்டு கிடக்கிறது. அதைத்தான் முறுக்கி வளைத்து, ஊதிப் பற்றவைத்து, இலை, பூ, மயில் என்று பண்ணிவிடுகிறார்கள். தாரகாசி என்று இங்கே பேராம். பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, வாசல் கோலத்தை அப்படியே எடுத்துக் காதில் மாட்டிக்கொள்ளலாம் போல. ஆனால் நான் ஆசைக்கு வாங்க வரவில்லையே. பூரியில் சாமி பார்த்தாயிற்று, கோனார்க்கில் வெயிலில் வெந்தாயிற்று, இன்று சாயங்காலம் ரயில், பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லாமல் ஊரில் போய் இறங்கினால் நன்றாகவா இருக்கும். டூர்க்காரர் சமையல்காரரையும் எங்கள் ஊர் கோபியிலிருந்தே கூட்டி வந்திருக்கிறார், தக்காளி சாதம் இறக்கியதும் பஸ்ஸில் ஹாரன் அடிப்பார்கள், அதற்குள் முடித்தாக வேண்டும். இவர் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. "நீயே போயி எடு நாயகி, எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?" என்றார். தெரியாது என்பது ஆண்களுக்கு எவ்வளவு வசதி. செல்வநாயகி என்று ஆசையாகப் பேர் வைத்தார் என் அப்பா, அதில் நாயகியை மட்டும் எடுத்துக்கொண்டு வேலையெல்லாம் என் தலையில் கட்டுகிறார் என் வீட்டுக்காரர்.

எனக்கு இரண்டு பெண்கள், மேகலாவும் அபிநயாவும். மூத்தவளை நான் பெறவில்லை. நான் கல்யாணமாகி வந்தபோது அவள் நாலு வயசுப் பிள்ளை, ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றாள். இன்னொரு செருப்பு எங்கே கண்ணு என்று நான் கேட்டதுதான் நாங்கள் பேசிய முதல் பேச்சு. அவள் அம்மா சுலோசனா ஹாலில் போட்டோவில் இருந்தாள், இன்றும் இருக்கிறாள், வெள்ளிக்கிழமை பூப் போடுவது நான்தான். அபி பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் எங்க நங்கையா, அதாவது இவருடைய அக்கா, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு மேகலாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு "இனி உன்னையக் கவனிக்க ஆளில்ல சாமி" என்றது. பச்சை உடம்பு, எழுந்து நாலு கேள்வி கேட்க முடியவில்லை. கவனித்துக் காட்டுகிறேன் என்று அன்று மனசுக்குள் கறுவிக்கொண்டதுதான். ஒரே துணியில் இரண்டு பாவாடை, ஒரே கலரில் ரிப்பன், ஒருத்திக்குக் காய்ச்சல் என்று ரொட்டி வாங்கினால் மற்றவளுக்கும் ரொட்டி. லட்டைப் பிட்டால் பெரிய பாதி எது என்று எனக்கே குழப்பம் வந்து, இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் கிள்ளிக் கிள்ளிச் சமமாக்கி, கிள்ளியதையெல்லாம் நான் தின்று குண்டானதுதான் கண்ட பலன். மேகலா கல்யாணத்துக்கு ஆரம் செய்தபோது அபிக்கும் அதே ஆரம் செய்து பூட்டி வைத்தோம். தீபாவளிக்குத் தீபாவளி நங்கையா வந்து இரண்டு சேலையையும் கரை வரைக்கும் ஒத்துப் பார்க்கும். பார்க்கட்டும். ஒரு குறையும் கிடைக்காமல் காபியைக் குடித்துவிட்டு அது எழுந்து போகும்போது எனக்கு வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கோயில் பிரசாதம் மாதிரி பொத்தி வைத்துக்கொள்வேன்.

அபிக்கு என்ன பிடிக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், தினமும் அதற்காகவே என்னோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். இது கிழவி கம்மல், இதை நீயே போட்டுக்க என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிடுவாள். மேகலா அப்படிச் சொன்னதே இல்லை. எதைக் கொடுத்தாலும் "நல்லா இருக்குதுங்ம்மா" என்பாள், போட்டுக் காட்டுவாள், கழற்றிப் பெட்டியில் வைப்பாள். அந்த நல்லா இருக்குதுங்ம்மா எத்தனை நாள் என்னைத் தூங்கவிடாமல் பண்ணியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியுமோ என்னவோ. போன மாசம் ஓசூரிலிருந்து பேசியபோதும் அதே குரல். அவளுக்கு இப்போது ஏழாவது மாசம். ஒன்பதில் கட்டுச்சோறு கொண்டுபோய் விருந்து வைத்து, பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தத் தேதி தோதுப்படும் என்று கேட்கத்தான் போன் போட்டேன். "பிரசவத்துக்கு இங்கயே இருந்துக்கறேங்ம்மா. அத்தை இருக்காங்க, ஆஸ்பத்திரியும் பக்கம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்றாள். சிரமமாம். அபி ஒருநாளாவது என்னைச் சிரமத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறாளா? விருந்தாளிதான் அடுத்தவர் சிரமத்தைப் பார்ப்பாள். கிள்ளிக் கிள்ளிக் கொடுத்து நான் வளர்த்தது ஒரு விருந்தாளியையா? ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம், நங்கையா இத்தனை வருஷம் காத்திருந்தது அதற்குக் கிடைத்துவிடும், அதுகூடப் போகட்டும். எனக்கு அவள் வேண்டும். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அவள் என் வீட்டுக்குள் நடக்க வேண்டும், புளிக்குழம்பு வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டும், குழந்தையை முதலில் நான் கையில் வாங்க வேண்டும். இவரிடம் சொன்னேன், "அவ இஷ்டம், உடு" என்றார். விட முடிந்தால் கட்டக்கில் நின்றுகொண்டு ஏன் இதையே நினைக்கிறேன். ஊருக்குப் போனதும் ஓசூர் போய் நேரில் ஒருதரம் கேட்கப் போகிறேன். அப்போதும் மாட்டேன் என்றால் அதற்குமேல் கேட்க எனக்கு வாய் இல்லை. வெறும் கையோடா போவது, அதற்குத்தான் இந்தத் தோடு.

"இது பாருங்க அம்மா, ரெண்டும் இலை" என்று இரண்டு ஜோடியை வைக்கிறான். இலைதான். ஆனால் ஒன்றில் நரம்பு நெருக்கமாக ஓடுகிறது, மற்றதில் கொஞ்சம் கலைந்து ஓடுகிறது. அபி பார்த்தவுடன் நெருக்கமானதை அமுக்கிக்கொள்வாள், மேகலா ஒன்றும் சொல்லாமல் மிச்சத்தை எடுத்துக்கொள்வாள், அது நடக்கக் கூடாது. அடுத்தது பூ. ஒரு பூ சிரிக்கிறது, ஒரு பூ உம்மென்று இருக்கிறது. அவன் போனில் கிரிக்கெட் ஓடுகிறது, ஒரு கண் அதில், ஒரு கண் என்னிடம். பக்கத்தில் எங்கள் தெருப் பாவாத்தா அக்கா மயில் ஊசி ஒன்றை எடுத்துச் சேலையில் வைத்து வைத்துப் பார்க்கிறது. "ஏன் நாயகி, இதுல எது நொட்டை? காதுல போட்டா எவ குனிஞ்சு எண்ணப் போறா?" என்கிறது. எண்ணுவார்கள் அக்கா. உனக்கு ஒரே மருமகள், ஒன்று எடுத்தால் முடிந்தது. எனக்குத் தராசு இறக்கி வைக்க ஒரு நாள் லீவு கிடையாது. அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு கீழ் இழுப்பறையைத் திறக்கிறான், காகிதப் பொட்டலங்களைக் கிளறுகிறான், ஒரு ஜோடியை மட்டும் விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு மற்றதை எடுக்கிறான். தள்ளிவிட்டதில் ஒரு தொங்கட்டான் விளக்கு வெளிச்சத்தில் மின்னுகிறது. அது என்ன, அதைக் காட்டு என்கிறேன். "அது வேணாம் அம்மா. அது தப்பு. கரண்ட் இல்லாதப்போ பண்ணினது" என்று வெட்கப்படுகிறான். ஒளிக்கிறான் என்றால் பார்த்தே ஆக வேண்டும், அது என் பிறவிக் குணம்.

வாங்கி விளக்குக்கு நேரே இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். சின்ன ஆலிலை, அதன் கீழே மூன்று மணி, கொக்கிக்கும் இலைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு தண்டு. இடது கையில் இருந்தது வலதைவிட ஒரு நெல் அளவு இறங்கியிருக்கிறது. தண்டு நீண்டுபோயிருக்கிறது, அதுதான் தப்பு. அவ்வளவு அழகான இலை, பாவம், ஒரு நெல் அளவில் கெட்டுப்போய் இழுப்பறையில் கிடக்கிறது என்று நினைக்கும்போதே என் தலை தன்னால் இடது பக்கம் சாய்ந்தது, சாய்த்துப் பார்த்தால் இரண்டும் ஒரே மட்டம். சாய்த்தபடியே நின்றேன். இந்தச் சாய்ப்பு என்னுடையது இல்லையே. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன், தினமும் பார்த்திருக்கிறேன், யாருடையது இது. கல்யாண ஆல்பத்தில் எல்லாப் போட்டோவிலும் மேகலா இப்படித்தான் நிற்கிறாள். பெண்ணுக்கு வெட்கம் என்று போட்டோக்காரர் சொன்னார், மாப்பிள்ளை வீட்டில் அடக்கமான பெண் என்றார்கள், நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை, அவள் இடது காதில் ஓட்டை மேலே ஏறி இருக்கிறது. எந்தத் தோடு போட்டாலும் இடது பக்கம் ஒரு நெல் தூக்கிக்கொண்டு நிற்கும், அதை மட்டம் பண்ணத்தான் தலையைச் சாய்ப்பாள். பள்ளிக்கூட நாள் அத்தனையும் எண்ணெய் வைத்து, வகிடு எடுத்து, ரெட்டைச் சடை போட்டு, ரிப்பனைக் காதுக்குப் பின்னால் மடித்துக் கட்டியவள் நான், எனக்குத் தெரியாதா. இடது சடையை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் பின்னுவேன், காதை மறைக்கட்டும் என்று. அவளும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. காது குத்தியது சுலோசனா இருந்த காலத்தில், தாய்மாமன் மடியில், பிள்ளை திமிறியிருக்கும். அதைப் போய் நான் கோணல் என்று சொன்னால் அவள் அம்மாவைக் கோணல் என்று சொன்னதாகிவிடாதா. கல்யாணத்துக்கு அலங்காரம் பண்ண வந்த பெண் இன்னொரு ஓட்டை போட்டுவிடலாம் என்றபோது மேகலா பட்டென்று வேண்டாம் என்றாள். அது அவள் அம்மா வைத்துவிட்டுப் போனது, இருக்கட்டும் என்று நானும் நினைத்தேன். இப்போது என் கையில் ஒரு ஜோடி இருக்கிறது, உலகத்தில் எல்லார் காதிலும் கோணலாகத் தொங்கும், என் மேகலா காதில் மட்டும் நேராக நிற்கும். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, இந்த ஆள் முன்னாலா வர வேண்டும்.

"அய்யோ அம்மா, அழாதீங்க, ரெண்டு நிமிஷம், வெட்டி சரி பண்ணித் தர்றேன்" என்று பதறிக் குறடை எடுத்துவிட்டான். "தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவாத்தா அக்கா கையிலிருந்த மயில் கீழே விழுந்தது. "என்ன நாயகி உனக்கு? அவஞ் சரி பண்ணித் தர்றேங்கறான்" என்றது. சரி பண்ண வேண்டாம் அக்கா, இப்படியே வேண்டும், மேகலாவுக்கு என்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தது. கெட்ட மனசு இல்லை, வாய்தான் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "மேகலாவுக்கா? இந்தக் கோணலையா? அபிக்கு?" என்றது. அந்தக் கேள்வி இறங்கிய இடத்தில்தான் எனக்குப் புரிந்தது, நான் எதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று. பழுதான நகை. மூத்தாள் பெற்ற பிள்ளைக்கு. சரி பண்ணித் தருகிறேன் என்று கடைக்காரன் கெஞ்சியும் வேண்டாம் என்று சித்திக்காரி வாங்கிப்போகிறாள், சாட்சிக்கு எங்கள் தெருவே நிற்கிறது. நங்கையா இதை அவல் மாதிரி மென்று தின்னும், அது போகட்டும், மேகலா என்ன நினைப்பாள்? பெட்டியைத் திறப்பாள், ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள், அந்த வார்த்தையைத்தான் சொல்வாள், நல்லா இருக்குதுங்ம்மா. போட்டுப் பார்க்காமலே மூடி வைத்துவிட்டால்? அதற்குப் பிறகு பிரசவத்துக்கு வா கண்ணு என்று நான் எந்த வாயால் கேட்பது. பேசாமல் அந்தக் கலைந்த இலையையும் நெருங்கிய இலையையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். அதில் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். யாரும் ஒன்றும் சொல்லாமலேதான் இத்தனை வருஷம் ஓடியிருக்கிறது. அவள் என்னைப் பார்த்துக் குறை சொல்ல ஒரு சந்து இல்லாமல் அடைத்து வைத்துவிட்டேன், உள்ளே வரவும் சந்து இல்லாமல் போயிருக்குமோ. அபிக்கு வேறு ஏதாவது எடுக்கலாம், அந்த மயில் நன்றாக இருக்கிறது. எடுத்தால் தராசு திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும், மேகலா தன் பெட்டியைத் திறந்த கையோடு அபி பெட்டியில் என்ன என்று கணக்குப் போடுவாள், பழக்கியவள் நான்தானே. அபிக்கு இன்றைக்கு ஒன்றும் இல்லை. சொல்லிப் பார்க்கவே வாய் கூசுகிறது. பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை.

அவன் இன்னும் குறடைக் கீழே வைக்கவில்லை, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்கிறான். பொட்டலம் கட்டு என்றேன். "விலை கம்மி பண்றேன், தப்பு பீஸ்" என்றான், தப்பு பீஸ் என்று இன்னொருதரம் சொன்னால் பார் என்று முழு விலையை வைத்தேன். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்கிறது. பாவாத்தா அக்கா மயிலை வைத்துவிட்டு "சீக்கிரம் வா, சாதம் ஆறிப்போவும்" என்று நடக்கிறது. எனக்குப் பசிக்கவில்லை. நேரில் கொடுக்கும்வரை இந்தப் பயத்தை மடியில் கட்டிக்கொண்டு ரயிலில் படுக்க என்னால் ஆகாது. கடை வாசலிலேயே நின்று போனை எடுத்தேன், ஒரே ரிங்கில் எடுத்துவிட்டாள். "சொல்லுங்ம்மா. அப்பா மாத்திரை போட்டுட்டாங்களா? உங்களுக்கு வெயில் ஒத்துக்குதுங்ளா?" என்று வரிசையாக விசாரிக்கிறாள், மரியாதைக்குக் குறைவே இல்லை. எல்லாத்தையும் விட்டுவிட்டு நேராகச் சொன்னேன். "உனக்கு ஒரு தொங்கட்டான் எடுத்திருக்கறேன் கண்ணு. வெள்ளி. ஜோடியில ஒண்ணு கொஞ்சம் எறக்கமா இருக்குது. அவஞ் சரி பண்ணித் தர்றேன்னான், நாந்தான் வேண்டான்னுட்டேன்." போச்சு. ஓசூரில் அவர்கள் வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது கேட்கிறது, அவள் மூச்சு கேட்கிறது. சொல்லிவிடு கண்ணு, நல்லா இருக்கும் என்று மட்டும் சொல்லாதே, வேறு என்ன வேண்டுமானாலும் சொல். "எந்தக் காதுக்குங்ம்மா எறக்கம்?" என்றாள் மெதுவாக. "எடது காதுக்கு" என்றேன். குக்கர் நின்றுவிட்டது. அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொன்னதில்லீங். இவருக்கே தெரியாது." "ஒனக்கு யாரு சடை பின்னுனது? உங்க இவரா?" என்றேன், கோபமாகத்தான் சொல்ல நினைத்தேன், குரல் ஒத்துழைக்கவில்லை. அவள் சிரித்தாள், அழுதாள், இரண்டில் எது என்று இவ்வளவு தூரத்திலிருந்து சொல்ல முடியாது. "அபிக்கும் இதே மாதிரியா?" என்றாள். "அபிக்கு ஒண்ணும் எடுக்கல." "ஒண்ணுமே எடுக்கலீங்ளா?" "ஒண்ணுமே எடுக்கல."

ஹாரன் மறுபடி அடிக்கிறது. பஸ் படியில் நின்று இவர் கையை ஆட்டுகிறார், ஆட்டட்டும். "அம்மா" என்றாள். என்ன கண்ணு என்றேன். "என்னால இப்ப மாடி ஏற முடியறதில்ல. அங்க வந்தா எனக்குக் கீழ் ரூமுதான் வேணும், அபி ரூமு. அவளத் துணிமணியெல்லாம் அள்ளிக்கிட்டு மாடிக்குப் போகச் சொல்லீருங்க." கடைக்காரன் ஸ்டூலை நகர்த்திப் போட்டான், உட்கார்ந்தேன்.

"மாடியில ஃபேன் சரியா ஓடாதே சாமி," என்றேன். "அவ கத்துவாளே."

"கத்தட்டும்," என்றாள் மேகலா.